செத்த வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது

செத்த வீட்டுக்குப் போனால் திரும்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வேறு எந்த வீட்டிலிருந்தும் "போட்டு வாறன்" என்று சொல்லாமல் படியிறங்கினால் எங்கள் ஆட்கள் அதை வருடக்கணக்கில் குறையாக வைத்திருப்பார்கள். செத்த வீட்டில் மட்டும் திரும்ப வருகிறேன் என்கிற அந்தச் சொல் வாயில் வரக் கூடாது. பேசாமல் எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இதை எனக்கு யாரும் இருத்தி வைத்துச் சொல்லித் தந்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த மாதிரி எனக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். இவர் என்று நான் எழுதுவது என் கணவரை.

தெரிந்தும் அன்றைக்குச் சொல்லிவிட்டார்.

இவருடைய அண்ணாவின் செத்த வீடு ஜெர்மனியில் நடந்தது. நாங்கள் அதைச் சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்கள் குசினி மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில் பார்த்தோம். அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். அண்ணா கலியாணம் கட்டாத மனிதர். அவருடைய சிநேகிதர் ஒருவர்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கை நடுங்கியதால் பெட்டியும் பூக்களும் ஆடிக்கொண்டே இருந்தன. பெட்டியை உள்ளே தள்ளிக் கதவை மூடியதும், முடிந்துவிட்டது, வைக்கிறேன் என்றார். இவர் தலையை ஆட்டினார். "சரி அண்ணா, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் புள்ளியை அமத்தினார்.

அந்தச் சிநேகிதருக்குத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதரை இவர் ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. நான் சீனிப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அன்றைக்கு இவர் அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. வேலைக்குப் போகிற சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய் பஸ் ஓட்டினார். முப்பத்தோராம் நாள் கோயிலில் ஐயர் சொன்னபடி எல்லாம் செய்தார், கண் கலங்கவில்லை. வீட்டில் கேட்டதற்குப் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கல்லுப் பிள்ளையாரிடம் இவ்வளவு நேரம் பேசினால் ஒரு பூவாவது விழும். இவரிடமிருந்து ஒன்றும் விழவில்லை. இந்த மனிதர் ஒருநாள் வாய்விட்டு அழாவிட்டால் எனக்குத் திரும்பக் கிடைக்கமாட்டார் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் நான் அந்தக் கூத்துப் பயணத்துக்குச் சம்மதித்தேன்.

அண்ணாவும் தம்பியும் கடைசியாக நேரில் பார்த்தது இளந்தாரிகளாக இருந்தபோது. ஒருவர் ஜெர்மனிக்குப் போனார், மற்றவர் எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். எனக்கு அவர் முறைக்கு அத்தான். ஆனால் குரலோடு மட்டுமே பழகியதால் இவர் கூப்பிடுகிற அண்ணாவே எனக்கும் வாயில் வந்துவிட்டது. போன் காட் வாங்கி இலக்கம் அமத்திப் பேசிய காலத்துப் பழக்கம் அவரை விடவில்லை. வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாலும் முதலில் ஒருதரம் செருமி, "கேக்குதோ?" என்றுதான் தொடங்குவார். பதிவு செய்து அனுப்புகிற குரலில் கேட்கிறதா என்று கேட்டு என்ன பிரயோசனம் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். கேட்காவிட்டால் சொல்லு என்பார்.

அவரிடம் ஒரு பழைய காம்பர் வான் இருந்தது. படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளுக்கே. சனி ஞாயிறில் அதை எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களாகப் போய், வயலுக்கு நடுவில் நிற்பாட்டி, தேத்தண்ணி போட்டுக் குடித்துக்கொண்டு எங்களுக்குக் குரல் அனுப்புவார். மாதா கோயில் மணிச் சத்தமும் மாட்டுச் சத்தமும் பின்னால் கேட்கும். வாங்கோ, மூன்று பேருமாக இந்தத் தெருவெல்லாம் போவோம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். கடைசியில் நாங்கள் லீவு எடுத்து, ரிக்கெற்றும் வாங்கி, சூட்கேஸையும் பரணிலிருந்து இறக்கிய பிறகு, அவர் ஒரு காலையில் நித்திரையால் எழும்பவில்லை.

எடுத்த லீவு அப்படியே கிடந்தது. ஒருநாள் சாப்பாட்டுக்கு இடையில் இவர் தலை நிமிராமல் சொன்னார். இங்கேயே ஒரு காம்பர் வான் வாடகைக்கு எடுக்கலாமாம். ஆல்பரிக்கு வடக்கே அந்தக் காலத்தில் ஜெர்மன்காரர் வந்து குடியேறிய ஊர்கள் இருக்கிறதாம். அவற்றுக்குள்ளால் போய், வெரிபீயில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் இறங்கலாமாம். பல நாளுக்குப் பிறகு கேட்காமல் வந்த பேச்சு அதுதான். ஜூலை மாதத்துக் குளிரில் எந்தப் பைத்தியம் வானுக்குள் படுக்கும் என்று தங்கச்சி போனில் கத்தினாள். உன்னுடைய அத்தானும் அக்காவும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பெண்ரித் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் வானை எடுத்தோம். மனைவி இறந்த பிறகு கனகாலம் ஓடாமல் நின்ற வானாம். நல்ல சுத்தமாக வைத்திருந்தார். அவர் உள்ளே வான் திறப்பு எடுக்கப் போன நேரம் பார்த்து நான் நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன். பின் சில்லடியில் குனிந்த இவர், வானின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் குழாயைக் காட்டினார். அதன் வாயில் களிமண்ணால் குளவி ஒன்று கூடு கட்டியிருந்தது. தட்டிவிடவா என்று நான் தடியைத் தேட, வேண்டாம் என்று தடுத்தார். குளவி கூடு கட்டின இடத்துக்கு நல்லது வரும் என்று அண்ணா சொல்வாராம். எங்கள் ஊரில் அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். நானும் விட்டுவிட்டேன்.

முதல் நாள் கோல்பேர்ன் தாண்டி ஒரு மரத்தடியில் நிற்பாட்டினோம். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே நான் அடுப்பைப் பற்றவைத்துச் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தேன். அவ்வளவுதான், கதவோரத்தில் இருந்த வெள்ளைப் பெட்டி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. இது எங்களுக்குப் புதிதில்லை. மெரிலேண்ட்ஸில் குசினிக்குப் பக்கத்து அலாமுக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டித்தான் வைத்திருக்கிறோம். எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதி அலாம் அப்படித் தொப்பி போட்டுக்கொண்டுதான் இருக்கும். இவர் துவாயால் விசுக்கிப் பார்த்தார். அது நிற்கவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து பற்றறியைக் கழற்றிக் கரண்டி லாச்சிக்குள் போட்டார். "உம்மடை சம்பலுக்குப் பயந்து நாடே கத்துது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். செத்த வீட்டுக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. மிளகாய்ப் புகையில் இருமிக்கொண்டே நானும் சிரித்தேன்.

பனிக்குப் பயந்த சாதி நாங்கள். காதில் பனி பட்டால் காய்ச்சல் வரும் என்று ஆறாம் மாதமே தொப்பி போடுகிறவர்கள். யன்னல்களை இறுக்கிச் சாத்தி, கூரையில் காற்று வருகிற ஓட்டைக்குள் துவாயை அடைத்து, கேஸ் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படுத்தோம்.

காலையில் எனக்குத் தலை இடித்தது. எழும்பிப் பார்த்தபோது இவர் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். மடிக்கிற மேசையில் மூன்று கப். நான் ஒன்றை எடுத்தேன், அவர் ஒன்றை எடுத்தார், மற்றது ஆவி பறந்துகொண்டு நின்றது. யாருக்கு என்று கேட்டேன். மறதியில் ஊற்றிவிட்டேன் என்றார். பஸ்ஸில் சில்லறைக்குக்கூடத் தவறாத மனிதர் இவர். அந்தக் கப்பை நான்தான் வெளியே கொண்டுபோய்ப் புல்லில் ஊற்றினேன். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தலையிடி குறைந்துவிட்டது, அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அன்று பகல் முழுக்க ஹைவேயில் போய், கண்டகாயும் கடந்து, பிறகு சின்னத் தெருக்களில் இறங்கினோம். இரண்டு பக்கமும் முளைத்து வருகிற கோதுமை, செம்மறி, தூரத்தில் தானியக் கோபுரம். ஆள் நடமாட்டம் என்று ஒன்று இல்லை. ஒரு ஊரில் கல்லால் கட்டிய மாதா கோயில் ஒன்று நின்றது, அதோடு சேர்ந்த சவக்காலை, அதற்கு எதிரே வான் நிற்பாட்டுகிற புல்வெளி. கல்லறைகளில் எல்லாம் ஜெர்மன் எழுத்து. இவர் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். எவ்வளவு தூரம் வந்து படுத்திருக்கிறார்கள் பார் என்றார். இவர்களின் செத்த வீட்டுக்கும் ஊரிலிருந்து ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள் என்றார். அதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அழப்போகிறார் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். குளிர்கிறது, உள்ளே போவோம் என்று திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் என்னை எழுப்பியது பேச்சுச் சத்தம். யன்னலுக்கு வெளியே ஒரே பனிப்புகார், கோயில்கூடத் தெரியவில்லை. இவர் மேசையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எதிரே இருந்த வெறும் இருக்கையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். தான் ஓட்டுகிற பஸ் எந்தெந்தத் தெருவால் போகும், எந்தத் திருப்பத்தில் யார் ஏறுவார்கள் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனார். இடைக்கிடை நிற்பாட்டினார். பதில் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்தார், பிறகு சிரித்தார். எத்தனையோ கிழமையாக நான் தவம் கிடந்த பேச்சு அது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வெட்கம் கெட்ட உண்மையையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பேச்சு எனக்கானது இல்லை என்று உறைத்த பிறகுதான் மேலெல்லாம் குளிர்ந்தது.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் யாரோ ஒருதரம் செருமினார்கள். "கேக்குதோ?" என்றது குரல்.

நான் எழும்பி இருந்துவிட்டேன். போனில் பழைய குரல்களைப் போட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இரண்டு போனையும் நிற்பாட்டி என் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பை என் தலைமாட்டில் இருந்தது.

இவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முகம் நன்றாகச் சிவந்து, ஆள் பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார்.

"உமக்கும் கேட்டதுதானே?"

"காத்துச் சத்தமப்பா."

"காத்து எங்காலை வரும்? எல்லாத்தையும் அடைச்செல்லோ வைச்சிருக்கிறம்" என்றார்.

அன்றைக்கு வெரிபீக்குப் புறப்பட வேண்டும். இவர் திறப்பைத் தொடவே இல்லை. அண்ணாவுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் நிற்போம் என்று, பக்கத்து அறையில் படுத்திருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கோபித்தேன், கெஞ்சினேன், தங்கச்சி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்று பொய்யும் சொன்னேன். எனக்கு வான் ஓட்டத் தெரியாது. மெரிலேண்ட்ஸிலிருந்து வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போய் வார்ட் கிளார்க் வேலை பார்த்துவிட்டு வருவதற்கு எனக்கு பஸ் போதும், அதுவும் இவருடைய பஸ்.

மத்தியானம் வற்புறுத்தி வெளியே கூட்டிக்கொண்டு போனேன். சவக்காலை மதில் ஓரமாக வெயிலில் நடந்தோம். நடக்க நடக்க இவருடைய முகத்திலிருந்த வெளிச்சம் வடிந்தது. பழைய மாதிரி வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நின்று, தூரத்தில் தெரிந்த வானைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் தனிய இருக்கிறான்" என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி விறுவிறென்று நடந்துபோய், உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டார்.

நான் புல்லில் தனியே நின்றேன். எது இருந்தாலும் அந்த வானுக்குள்தான் இருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அந்தத் தாத்தாவின் மனைவி இதே படுக்கையில்தான் கண்ணை மூடினாவோ என்றுகூட யோசனை ஓடியது. ஆனால் வெள்ளைக்காரக் கிழவிக்கு யாழ்ப்பாணத் தமிழ் வராது. அழைத்தது இவர்தான். செத்த வீட்டில் இருந்துகொண்டு போட்டு வாறன் என்று சொன்னால், வராமல் இருக்கிறாயே என்று பார்க்க அண்ணாவே வந்திருக்கிறார். படித்த பொம்பிளைதான் நான், ஆஸ்பத்திரியில்தான் வேலை. அந்தப் புல்வெளியில் நின்றபோது இதைவிட வேறு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. உள்ளே ஏறிக் கதவு நிலையிலும் யன்னலிலும் திருநீறு பூசினேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். தமையனுக்குத் திருநீறு பூசி என்ன செய்யப் போகிறீர், அவன் பேயோ என்று கேட்டார். மிச்சத் திருநீற்றை என் நெற்றியிலேயே பூசிக்கொண்டேன்.

நாலாம் நாள் விடிகிற நேரம். யன்னல் சாம்பல் நிறமாக இருந்தது. கண் விழித்தேனே தவிர உடம்பு விழிக்கவில்லை. கால் இரண்டும் யாருடையவோ மாதிரிக் கிடந்தன. பக்கத்தில் இவர் மல்லாந்து படுத்திருந்தார், கன்னம் சிவந்து, முகத்தில் அவ்வளவு அமைதி. கூப்பிட்டேன், அசையவில்லை. என் குரலே எனக்குத் தூரத்தில் கேட்டது. இப்படியே இன்னும் கொஞ்சம் படுத்தால் என்ன என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு நடுக்கம்.

கதவுக்கு வெளியே ஒரு செருமல்.

"பிள்ளை, கேக்குதோ? கதவைத் திற."

அப்படிக் கூப்பிட்டால் முதல் தரமே பதில் சொல்லக் கூடாது. பேய் என்றால் மூன்றாம் தரம் கூப்பிடாது, மனிதர் என்றால் கூப்பிடும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். அந்த மயக்கத்திலும் இந்தப் பாடம் மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் தரமும் அதே குரல், அதே சொல். இவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கக் கையை நீட்டினேன், எட்டவில்லை.

"பிள்ளை, கதவைத் திற."

மூன்றாம் தரம். நான் படுக்கையிலிருந்து உருண்டு விழுந்தேன். முழங்காலில் ஊர்ந்துபோய், கைப்பிடியில் தொங்கிக் கதவைத் தள்ளினேன். தள்ளின வேகத்தில் தலைகீழாக வெளியே விழுந்தேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. முகத்தில் ஐஸ் குத்தியது. வெளியே ஒருவரும் இல்லை. உறைந்த புல்லில் என்னுடைய கைத்தடத்தைத் தவிர ஒரு காலடி இல்லை.

அந்தக் குளிர் மூச்சு ஒவ்வொன்றாக உள்ளே போகப் போகத் தலை தெளிந்தது. சத்தம் போட்டேன். புல்வெளியின் மற்றப் பக்கத்தில் நாயோடு தங்கியிருந்த ஒரு பெண் ஓடி வந்தா. இரண்டு பேருமாக இவரைக் காலில் பிடித்து இழுத்து வெளியே போட்டோம். அவதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா.

ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் முகமூடி போட்டு இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். டொக்டர் இளம் பெண். ஹீற்றர் உண்டா, தலையிடித்ததா, அலாம் அடிக்கவில்லையா என்று கேட்டா. அந்த வெள்ளைப் பெட்டி புகைக்கு மட்டும் வைத்தது இல்லையாம். சரியாக எரியாத ஹீற்றரிலிருந்து வருகிற ஒரு வாயுவுக்கும் சேர்த்துத்தானாம். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும் என்றா. பிறகு வானைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், ஹீற்றரின் புகை போகிற குழாயைக் குளவிக்கூடு முக்கால்வாசி அடைத்திருந்ததாம்.

இதெல்லாம் எனக்குப் போதும். வேறு எதையும் நான் கேட்டிருக்கமாட்டேன். இவர்தான் முகமூடியை விலக்கிவிட்டு, அந்த வாயு இல்லாத குரலைக் கேட்கவைக்குமா என்று கேட்டார். கேட்கவைக்கும், இல்லாத ஆளையும் காட்டும் என்று டொக்டர் சொன்னா. பேய் வீடு என்று சொல்லப்பட்ட சில வீடுகளில் கடைசியில் இதுதான் காரணமாக இருந்தது என்றா. ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னா. இவர் முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அண்ணாவின் பெட்டியை உள்ளே தள்ளியபோதுகூட இவருடைய முதுகு இப்படிச் சுருங்கவில்லை.

கதவுக்கு வெளியே கேட்டதை நான் சொல்லவில்லை. சொன்னால் இவர் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார் என்று பயந்தேன். தங்கச்சி வெரிபீயிலிருந்து காரோட்டி வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பேசினாள், பேச்சோடு பேச்சாக ஏசினாள். அவள் வீட்டில் ஒரு கிழமை இருந்து சாப்பிட்டுவிட்டுச் சிட்னிக்கு வந்தோம். இவர் வேலைக்குப் போனார். சாப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. நல்ல வெயில் நாள், ஆனால் யன்னல் எல்லாம் சாத்தி, திரையும் இழுத்திருந்தது. எங்கள் வீட்டில் ஹோலில் இருப்பதும் ஒரு பழைய கேஸ் ஹீற்றர்தான். அது முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கதிரையில் இவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இருந்தார். நித்திரை இல்லை. காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேசையில் மூன்று கப் தேத்தண்ணி.

நான் அண்ணாந்து பார்த்தேன். குசினிக்குப் பக்கத்து அலாமின் குளியல் தொப்பி கழற்றப்பட்டிருந்தது, மூடி திறந்து கிடந்தது. நேரே போய்க் கரண்டி லாச்சியை இழுத்தேன். பற்றறி அதற்குள்தான் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹீற்றரை நிற்பாட்டினேன். யன்னலைத் திறக்காமல் வந்து இவருக்கு முன்னால் நின்றேன்.

"என்னை விட்டுட்டுப் போகப் போறியளோ?"

இவர் கண்ணைத் திறந்தார். "சாகிறதுக்கில்லை. ஒருக்காக் கேட்டாப் போதும். ஒரே ஒருக்கா" என்றார். குழந்தைப் பிள்ளை தின்பண்டம் கேட்கிற குரல். "போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு நான் போகேல்லை. அவன்தான் வந்தவன். அந்த டொக்டர் அவனையும் இல்லை எண்டிட்டா."

தான் சொன்னது இவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இரண்டு பேரும் அதே சொல்லை இத்தனை நாளாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்போதுதான் சொன்னேன். அந்தக் காலையில் என் கால் அசையாமல் கிடந்ததையும், வெளியே செருமியதையும், மூன்று தரம் கூப்பிடும்வரை நான் பொறுத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்த வாயுதான் என் காதில் பேசியதா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆளைக் கொல்ல வந்த வாயு எதற்காகக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று எத்தனை தரம் யோசித்தும் விடை கிடைக்கவில்லை.

"உங்களைக் கூட்டிக்கொண்டு போக அவர் வரேல்லை. அண்டைக்கு அவர் உள்ளுக்கு வரக்கூட இல்லை. கதவைத் திற எண்டுதான் சொன்னவர். உங்கடை அண்ணா கடைசியாச் சொன்னது அதுதான்."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேனா என்று என் முகத்தில் தேடினார். எனக்கு முகத்தில் ஒன்றும் ஒளிக்க வராது என்று இவருக்குத் தெரியும். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மெதுவாக நடந்துபோய் முன்கதவை அகலத் திறந்தார். தெருவில் யாரோ கார் கழுவுகிற சத்தமும், ஒரு பிள்ளை ஸ்கூட்டர் ஓட்டுகிற சத்தமும் உள்ளே வந்தன. வெளிக் குளிர் ஹோலுக்குள் நுழைந்து திரையை அசைத்தது.

இவர் கதவின் நடுவில் நிற்கவில்லை. சுவரோடு ஒட்டி, ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு நின்றார். நானும் என்னை அறியாமல் மற்றப் பக்கம் ஒதுங்கினேன். மேசையில் அந்த மூன்றாவது கப்பின் ஆவி கதவுப் பக்கமாகச் சாய்ந்து பறந்தது. காற்றுக்குத்தான். காற்றுக்குத்தான் என்று எனக்கு நானே சொன்னேன்.

இவருடைய உதடு அசைந்தது. "போட்டு" என்று தொடங்கியதை நான் கண்டுவிட்டேன். ஒரே எட்டில் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் இவருடைய வாயைப் பொத்தினேன். இவர் என் கையை விலக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே, ஒரு சொல் சொல்லாமல், திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் என் விரல்கள் நனைந்தன.